மூன்றாவது தண்ணீர்

கோயம்புத்தூரில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றாலே இரண்டு வகை. சிறுவாணியிலிருந்து வருவது நல்ல தண்ணி. போர் போட்டு எடுப்பது உப்புத் தண்ணி. எந்த வீட்டு அடுப்படியிலும் இரண்டுக்கும் தனித்தனிக் குழாயோ குடமோ இருக்கும். எது எதற்கு என்று பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். நல்ல தண்ணியில் பாத்திரம் விளக்கினால் எங்கள் அம்மா சத்தம் போடுவார். உப்புத் தண்ணியில் துவரம்பருப்பை வேகப் போட்டால் பாட்டி சத்தம் போடுவார். எத்தனை விறகு எரித்தாலும் அது குழையாது. கடைந்தாலும் திப்பியாகவே நிற்கும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பை இறுக்கிவிடுகின்றன என்று நான் பிற்பாடு கல்லூரியில் படித்தேன். பாட்டி அதைக் கைப்பழக்கத்திலேயே தெரிந்துவைத்திருந்தார்.

பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒரு தண்ணீர் சேர்ந்தது. காய்ச்சி வடித்த நீர். ஒரு சின்ன இயந்திரத்தில் நானே வடித்தெடுக்கிறேன். சுத்தமான தண்ணீர் வேண்டும் என்ற பேச்சு இன்று வீட்டுக்கு வீடு நடக்கிறது. எதற்காகச் சுத்தம், எந்த வேலைக்காகச் சுத்தம் என்று கேட்பவர் குறைவு. இந்த இயந்திரத்தோடு பழகிய பிறகு எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது.

வடிநீரோடு எனக்குள்ள உறவு பழையது. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுத்த காலம் முழுக்க ஆய்வகத்தின் மூலையில் ஒரு வடிகலன் சுவரோடு மாட்டியிருந்தது. உள்ளே மின்சுருள், மேலே குளிர்நீர் ஓடும் உறை. ஒரு லிட்டர் வடிப்பதற்குள் பதினைந்து இருபது லிட்டர் குளிர்நீர் உறையைச் சுற்றி வெளியே போய்விடும். எங்கள் ஆய்வக உதவியாளருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு டியூபைச் செருகி ஜன்னல் வழியாகத் தோட்டத்துக்கு விட்டுவிட்டார். அந்தச் சூடான தண்ணீர் வாய்க்காலில் ஆறிப் போய்ச் செடிகளுக்குப் பாயும். வேதியியல் ஆய்வகத்துக்குப் பின்னால் மட்டும் செம்பருத்தி வருடம் முழுக்கப் பூத்தது அவரால்தான்.

பிளஸ் டூ செய்முறை வகுப்பில் சால்ட் கண்டுபிடிப்பது ஒரு பெரிய சடங்கு. ஒருமுறை ஒரு மாணவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"டீச்சர், எனக்கு சல்பேட்டும் வருது, குளோரைடும் வருதுங்க."

"டெஸ்ட் டியூபை எதுல கழுவுன?"

"பைப்புலதானுங்க டீச்சர்."

நான் பதில் சொல்லவில்லை. இரண்டு சோதனைக் குழாய் எடுத்தேன். ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் வடிநீர். இரண்டிலும் நீர்த்த நைட்ரிக் அமிலம் கொஞ்சம் விட்டு, பழுப்புச் சீசாவிலிருந்து சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விடச் சொன்னேன். போர் தண்ணீர் அந்தக் கணமே வெள்ளையாகத் திரண்டு அடியில் இறங்கியது. வடிநீர் அப்படியே தெளிவாக நின்றது. வகுப்பு முழுவதும் சுற்றி நின்று பார்த்தது. தினம் குளிக்கிற தண்ணீருக்குள் இத்தனை இருக்கிறதா என்று அந்தப் பிள்ளைகளின் முகத்தில் தெரிந்த வியப்பை நான் மறக்கவில்லை. முப்பது பக்கப் பாடம் செய்யாததை இரண்டு சொட்டு செய்யும். அதற்காகவே எனக்கு வேதியியல் பிடிக்கும்.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. 2012-இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. பகலும் இரவுமாகப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது; இன்வெர்ட்டரோடு பேட்டரியும், பேட்டரியோடு தண்ணீர் ஊற்றும் வேலையும் வந்தன. அக்கம்பக்கத்தில் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். ஆசிட் ஊற்ற வேண்டுமா, தண்ணீர் ஊற்ற வேண்டுமா? சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள் தண்ணீர் மட்டும் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போகிறது, கந்தக அமிலம் உள்ளேயேதான் இருக்கிறது, ஆகவே போனதை மட்டும் ஈடுகட்டினால் போதும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்வேன். முழுதாகச் சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுங்கள், மிதவை மேல் கோட்டைத் தாண்ட விடாதீர்கள் என்பேன். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள குளோரைடும் இரும்பும் ஈயத் தகடுகளைத் தின்னும். பேட்டரி தானாகவே சார்ஜை இழக்கும். அப்போதெல்லாம் ஐந்து லிட்டர் கேன்தான் வாங்கினோம். கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டு வாங்குவோம். லேபிளைப் படித்தால் பெரும்பாலும் டீமினரலைஸ்டு வாட்டர் என்று இருக்கும். அதாவது அதைக் காய்ச்சி வடிக்கவில்லை. பிசின் மணிகள் நிரப்பிய குழாய் வழியாக விட்டு உப்பை மட்டும் எடுத்திருக்கிறார்கள். பேட்டரிக்கு அது தாராளமாகப் போதும். பேட்டரிக்கு உப்பு ஆகாது, கிருமி இருந்தால் ஒன்றும் இல்லை.

இந்த வேறுபாடு எனக்கு உண்மையில் உறைத்தது என் வீட்டுக்காரருக்கு மூச்சுக் கருவி வந்தபோது. தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். குறட்டை என்றுதான் பல வருடம் நினைத்திருந்தோம். ஒரு இரவு முழுவதும் கம்பி கம்பியாக ஒட்டிப் பரிசோதித்த பிறகு மருத்துவர் சிபாப் கருவி எழுதிக் கொடுத்தார். முகமூடி வழியாக விடாமல் காற்றை அழுத்தித் தரும் கருவி. வறண்ட காற்று மூக்கையும் தொண்டையையும் புண்ணாக்கிவிடும் என்பதால் அதற்குள் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அடியில் வெப்பத் தகடு. காற்று அந்த வெதுவெதுப்பான தண்ணீரின் மேல் தவழ்ந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு போகும். அதில் வடிநீர் மட்டும் ஊற்றச் சொல்லிக் கையேட்டில் போட்டிருந்தது.

கருவி விற்ற கடையில், "மேடம், பெட்ரோல் பங்க்ல பேட்டரி வாட்டர் கிடைக்கும், அதையே ஊத்திக்குங்க" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உப்பு எடுத்த தண்ணீர் என்பது வேறு, மூச்சுப் பாதைக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க தண்ணீர் என்பது வேறு. பிசின் மணி உப்பைப் பிடிக்கும், பாக்டீரியாவைப் பிடிக்காது. பல நாள் ஓடாமல் கிடந்த பிசின் படுகையிலேயே பாக்டீரியா வளரும். அந்தக் கேன் எந்தக் கிடங்கில் எத்தனை நாள் இருந்தது, அதற்குமுன் அதில் என்ன இருந்தது என்று யாரிடம் கேட்பது? பேட்டரிக்கென்று விற்கும் பொருளை நம் வீட்டு மனிதர் இரவெல்லாம் சுவாசிக்கும் காற்றின் வழியில் வைக்க நான் தயாராக இல்லை. வீட்டிலேயே வடிப்பது என்று முடிவு செய்தேன்.

வந்து இறங்கிய இயந்திரம் பெரிய பிரஷர் குக்கர் அளவுதான். கீழே நான்கு லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் கலன். மேலே கனமான மூடி; அதற்குள் சுருண்டு கிடக்கும் எஃகுக் குழாயும் அதைக் குளிர்விக்க ஒரு விசிறியும். மூடியின் பக்கவாட்டில் ஒரு மூக்கு. மூக்கின் நுனியில் ஒரு சிறு கரிப்பை. அதன் கீழே கண்ணாடி ஜாடி. மின்சாரம் 750 வாட். பள்ளி வடிகலனைப் போல இதற்குக் குளிர்நீர் வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

தண்ணீர் ஊற்றிச் சுவிட்சைப் போட்டால் ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு விசிறிச் சத்தம் தவிர எதுவும் நடக்காது. பிறகு உள்ளே கொதிக்கும் ஓசை. மூக்கின் நுனியில் ஒரு துளி திரண்டு, கனத்து, விழும். அதன்பின் நிற்காமல் சொட்டும். ஒரு லிட்டர் சேர ஒரு மணி நேரம். முழுக் கலனும் வடிய நாலரை மணி நேரம் ஆகிறது. ஏன் இத்தனை நேரம் என்று கேட்டால் பதில் பிளஸ் ஒன் பாடத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை முப்பது டிகிரியிலிருந்து நூறுக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 293 கிலோஜூல் போதும். நூறு டிகிரியில் நிற்கும் அதே தண்ணீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். ஏறக்குறைய எட்டு மடங்கு. இந்த உள்ளுறை வெப்பத்தை 1760-களில் ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அளந்து காட்டினார். நான் எத்தனையோ வகுப்பில் கரும்பலகையில் எழுதிய எண், இப்போது மின்கட்டண அட்டையில் தெரிகிறது: நான்கு லிட்டருக்கு மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே.

அந்த வெப்பம் எங்கும் போய்விடுவதில்லை. விசிறி அதை அப்படியே அறைக்குள் தள்ளுகிறது. மார்கழியில் பக்கத்தில் உட்கார்ந்து காய்கறி நறுக்க இதமாக இருக்கும். சித்திரையில் அடுப்படியில் நிற்க முடியாது. அதனால் பின் தாழ்வாரத்தில் வைத்து ராத்திரியில் ஓட்டுகிறேன். கல்பாக்கத்தில் கடல்நீரை வடிக்கும் ஆலையில் இந்த வெப்பத்தை வீணாக்குவதில்லை. அணுமின் நிலையத்து நீராவியைக் கொண்டு ஒரு நாளைக்கு 45 லட்சம் லிட்டர் வடிக்கும் பகுதி அங்கே இருக்கிறது. பல கட்டங்களாக அழுத்தத்தைக் குறைத்துக் கொண்டே போய் ஆவியாக்குகிறார்கள். தணியும் ஆவி விடும் வெப்பத்தை உள்ளே வரும் கடல்நீரே வாங்கிச் சூடாகிக் கொள்கிறது. வீட்டு இயந்திரத்தில் அதற்கு வழியில்லை. ஆகவே இது மலிவான தண்ணீர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மின்சாரச் செலவைப் பார்த்து, தேவையான அளவுக்கு மட்டும் வடிப்பதே முறை.

மூக்கில் இருக்கும் அந்தக் கரிப்பை எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். ஆவியாக்கினால் எல்லாம் அடியில் தங்கிவிடுமே, பிறகு எதற்குக் கரி? அந்தச் சந்தேகம் நியாயமானது. சின்ன வயதில் காங்கேயம் பக்கம் ஒரு வைத்தியர் வீட்டில் ஓமத்தீநீர் இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். திண்ணைக்குப் பின்னால் விறகடுப்பின் மேல் வாலை இயந்திரம். கீழ்ப் பானையில் ஓமமும் தண்ணீரும். மேல் பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர். அது சூடேறச் சூடேற வைத்தியரின் மனைவி மொண்டு கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். பக்கத்து மூக்கு வழியாகத் தீநீர் சீசாவில் இறங்கும். தெருக்கோடி வரை ஓம வாசம். ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால் தனியாகக் கொதிக்க 230 டிகிரிக்கு மேல் வேண்டும். நீராவியோடு சேர்ந்தால் நூறு டிகிரிக்குள்ளேயே கிளம்பி வந்துவிடும். உப்பு வராது, மணம் வரும். தண்ணீரில் குளோரினோ பெட்ரோலியப் பொருளோ பூச்சிமருந்தின் கரைப்பானோ இருந்தால் அவையும் அதே வழியில் வரும். அதனால்தான் கரி. அதனால்தான் முதலில் விழும் அரை டம்ளரை நான் சேர்ப்பதில்லை, செடிக்கு ஊற்றிவிடுகிறேன். காய்ச்சி வடித்தது என்பதாலேயே ஒரு தண்ணீர் முழுச் சுத்தமாகிவிடாது. ஓமத்தீநீர் குடித்து வளர்ந்த நமக்கு இது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது.

வடித்து முடிந்ததும் ஜாடியைப் பார்ப்பதைவிடக் கலனுக்குள் பார்ப்பதுதான் எனக்கு முக்கியம். ஆரம்பத்தில் போர் தண்ணீரைத்தான் வடித்துப் பார்த்தேன். டிடிஎஸ் மீட்டர் 1,200 காட்டிய தண்ணீர். அடியில் கால் லிட்டர் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டேன். முழுக்க வற்றவிட்டால் கறை தீய்ந்து பிடித்துக்கொள்ளும். மூடியைத் திறந்தால் அடியில் கிடந்தது பழுப்பு நிறத்தில் கலங்கிய ஒரு குழம்பு. சுவரெல்லாம் வெள்ளைச் செதில். விரலால் தொட்டால் சொரசொரவென்று மணலாக உதிரும். கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் கொதியில் சிதைந்து சுண்ணாம்பாகப் படிந்திருக்கிறது. கலங்கலில் சோடியம் குளோரைடும் சல்பேட்டுகளும் மற்றவையும். நான்கு லிட்டருக்குள் ஒரு தேக்கரண்டி அளவு. பக்கத்து வீட்டுத் தங்கை வந்து எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இரண்டு கரண்டி எலுமிச்சை உப்பு போட்டு வெந்நீர் ஊற்றினேன். செதில்கள் நுரைத்துக் கரைந்து எஃகு மறுபடி பளபளத்தது. இப்போது சிறுவாணித் தண்ணீரைத்தான் வடிக்கிறேன். அடியில் படிவது மிகக் கொஞ்சம். கழுவும் வேலை மிச்சம்.

ஜாடியில் சேர்ந்த தண்ணீரில் மீட்டர் 1 அல்லது 2 காட்டும். வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் சில்வர் நைட்ரேட்டையும் விட்டுப் பார்த்தேன். கலங்கவில்லை. கொதிக்கும் நீரில் அலசிய கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பி இறுக மூடி வைக்கிறேன். வடிநீர் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் லேசாக அமிலத்தன்மை வந்து பிஎச் 5.6 பக்கம் இறங்கிவிடும். கெட்டுப் போனதாக நினைத்துப் பயப்பட வேண்டாம், அது இயல்பு. கருவித் தொட்டியில் ராத்திரி ஊற்றியதைக் காலையில் கொட்டிக் கழுவிக் காய வைக்கிறேன். எத்தனை நல்ல வடிநீரானாலும் தொட்டியிலேயே தேங்கிக் கிடந்தால் கிருமிக்கு இடம் கொடுக்கும்.

"ஏங்க்கா, இத்தன சுத்தமா இருக்குது, இதையே குடிச்சுப் போடலாமுங்களா?" என்று அந்தத் தங்கை கேட்டார். அந்தக் கலங்கலைப் பார்த்ததிலிருந்து அவருக்குக் குழாய்த் தண்ணீரின் மேலேயே பயம் வந்துவிட்டது. நான் ஒரு டம்ளர் வடிநீரும் ஒரு டம்ளர் சிறுவாணியும் கொடுத்தேன். வடிநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "சப்புனு இருக்குதுங்க்கா" என்றார். அப்படித்தான் இருக்கும். கரைந்த உப்பும் இல்லை, கரைந்த காற்றும் போய்விட்டது. ஒரு டம்ளர் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. நமக்குச் சத்துகள் பெரும்பாலும் சோற்றிலும் கீரையிலும் பாலிலும்தான் வருகின்றன. ஆனால் கால்சியமும் மக்னீசியமும் அறவே இல்லாத தண்ணீரையே வருடக்கணக்கில் குடிப்பதும் சமைப்பதும் நல்லதல்ல என்று, உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட குடிநீர்ச் சத்துகள் பற்றிய தொகுப்பில் ஒரு தனி அத்தியாயமே எச்சரிக்கிறது. கலனில் பார்த்த வெள்ளைச் செதிலில் விஷம் எதுவும் இல்லை, பெரும்பகுதி சுண்ணாம்பு. இந்தியக் குடிநீர்த் தர அளவு கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத ஊரில் 2,000 வரை ஒத்துக்கொள்கிறது. பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. பூஜ்யம் வேண்டியது பேட்டரிக்கும் கருவிக்கும் ஆய்வகச் சீசாவுக்கும். நம் உடம்புக்கு வேண்டியது நல்ல தண்ணீர்.

என் தீர்மானம் இதுதான். குடிக்கவும் சமைக்கவும் சிறுவாணி. துவைக்கவும் கழுவவும் போர். மூச்சுக் கருவிக்கும் இன்வெர்ட்டருக்கும் வடிநீர். ஒன்றின் வேலையை மற்றொன்றுக்குக் கொடுப்பதில்லை. வீட்டில் மூச்சுக் கருவி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பேட்டரிக் கேனை அதில் ஊற்றாதீர்கள். வடிக்க வசதியில்லை என்றால் எந்தத் தண்ணீர் ஆகும் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போர் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு இன்னொன்று. கையில் வைத்துப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பை மட்டுமே சொல்லும்; அது சுண்ணாம்பா, நைட்ரேட்டா, ஃபுளோரைடா என்று பிரித்துச் சொல்லாது. தர்மபுரி, சேலம் பக்கம் பற்களில் கறை ஏறிய பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு ஃபுளோரைடு என்றால் என்ன என்று தெரியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தண்ணீரைப் பரிசோதித்துக் கொள்ளலாம். எந்த இயந்திரத்தையும் வாங்குவதற்கு முன்னால், அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிய சுத்தமான புட்டியில் பிடித்துக்கொண்டு போய் அங்கே கொடுங்கள்.